வீட்டிலை ஆம்பிளை நீதான்

பாடசாலைகளில் ஆலோசனை ஆசிரியர்களாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களுக்குத் தந்த பயிற்சிக் கையேட்டை அண்மையில் ஒருவர் எனக்குக் காட்டினார். புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ‘பெற்றோர் ஈடுபாடு’ என்று இருந்தது. பெற்றோர் ஈடுபட்டால் பிள்ளை நன்றாக வரும், ஈடுபடாவிட்டால் கெட்டுப்போகும். எதில் ஈடுபடுவது, எப்படி ஈடுபடுவது என்று ஒரு வரியும் இல்லை. உப்புப் போட்டால் கறி ருசிக்கும் என்று சொல்லிவிட்டு எவ்வளவு உப்பு என்று சொல்லாமல் விட்டது மாதிரி.

எனக்கு இதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நானும் இதே வேலை செய்தவள், ஓய்வு பெற்றாலும் அந்த எரிச்சல் போகவில்லை. பெற்றோர் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளோடு நான் பட்ட பாடு கொஞ்சம். நன்றாகக் கவனித்த பெற்றோரின் பிள்ளைகளோடு பட்ட பாடுதான் அதிகம். அதில் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் கடைசிப் பாடசாலை சாவகச்சேரியிலிருந்து உள்ளுக்குத் தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இடம். தர்சிகா அங்கே உயர்தர வகுப்பில் படித்தாள். அவளுடைய தம்பி கபிலன் பத்தாம் வகுப்பு. தகப்பன் சுவிசில். மகன் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்க முதலே போனவர், இடையில் ஒரேயொரு தடவை வந்தார், மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியச் சடங்குக்கு. ஆனால் அவரைக் கவனியாத தகப்பன் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே மத்தியான வேலை முடிந்து கிடைக்கிற இடைவேளையில், இங்கே பின்னேரம், ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் வருவார். ஒரு நாளும் தவறமாட்டார். தாய் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னா.

“என்ன கதைக்கிறவர்?” என்று கேட்டேன்.

“எல்லாம் விசாரிப்பார் ரீச்சர். தம்பியிட்டை, அக்கா எத்தினை மணிக்கு வந்தவ, ஆரோடை வந்தவ, நீ பின்னாலை போனனியோ எண்டு கேப்பார். வீட்டிலை ஆம்பிளை நீதான் எண்டு சொல்லுவார். மகளிட்டை, அம்மாவுக்கு உதவி செய்தனியோ எண்டு கேப்பார். நல்ல அக்கறை.”

அந்தத் தாயை முதலில் சந்தித்தது பெற்றோர் கூட்டத்தில். காங்கேசன்துறைப் பக்கம் பிள்ளைகளை ஒரு களப் பயணம் கூட்டிப்போக இருந்தோம். தர்சிகாவை விடுவீர்களா என்று கேட்டேன்.

“தம்பியைக் கேட்டுத்தான் சொல்லவேணும் ரீச்சர்.”

அவவுடைய தம்பி யாரோ ஊரில் இருக்கிறார், பெரியவர், குடும்பத்தைப் பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, “அவர் எப்ப வருவார்?” என்றேன். அவ பக்கத்துக் கதிரையில் இருந்த மகனைக் காட்டினா. மீசை அரும்பாத பொடியன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நாடகத்தில் நடித்து மண்டபம் முழுவதையும் சிரிக்கவைத்தவன். அதிபர் மாதிரியே நடந்து காட்டுவான். பத்தாம் வகுப்புக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தான், கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னான். சாதாரண தரப் பரீட்சை வரை வகுப்பில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்ட தர்சிகா, விடை தெரிந்தாலும் “தெரியேல்லை ரீச்சர்” என்று சொல்லிவிட்டு இருக்கப் பழகியிருந்தாள். ஆசிரியர் அறையில் இரண்டு பேரையும் பற்றி நல்ல அபிப்பிராயம். அவன் பொறுப்பான பொடியன். அவள் அடக்கமான பிள்ளை. இப்படி வளர்க்கவேணும் என்று சொல்லாத ஆள் இல்லை.

இப்படியிருக்க ஒரு நாள் இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில், கபிலன் தன் வகுப்புப் பொடியன் ஒருவனை அடித்து அவனுடைய முன்பல்லை உடைத்துப்போட்டான். இரத்தம், சத்தம், ஆசுபத்திரி. ஓடிப்போனவர்கள் வந்து சொன்ன காரணம் ஒன்றுதான். மற்றவன் அக்காவைப் பற்றி என்னவோ சொல்லிப்போட்டான்.

அதோடு பாதிப் பேருக்கு விசாரணை முடிந்துவிட்டது. “அக்காவைப் பற்றிக் கதைச்சா ஆர் பாத்துக்கொண்டு நிப்பான்?” என்று ஒரு ஆசிரியர் சொன்னார். அதிபர் நல்ல மனிதர். அவரும் தலையை ஆட்டிவிட்டு, “அடிச்சது பிழைதான், எண்டாலும் ரீச்சர்...” என்று இழுத்தார். அந்த ‘எண்டாலும்’ இருக்கிறதே, இந்தத் தொழிலில் உங்களுடைய முதல் எதிரி அதுதான். பிள்ளை செய்த பிழை நாங்கள் விரும்பிய அச்சில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ‘எண்டாலும்’ போட்டுவிடுவோம். அக்கா யாரையாவது அடித்திருந்தால் ‘எண்டாலும்’ வந்திருக்காது.

பொடியனை என் அறையில் இருத்திக் கேட்டேன்.

“என்னடா சொன்னவன்?”

“அது சொல்லேலாது ரீச்சர்.”

“ஏன் அடிச்சனி?”

“எங்கடை வீட்டுப் பொம்பிளையளைப் பற்றி ஆரும் கதைக்கேலாது. வீட்டிலை ஆம்பிளை நான்தான்.”

பதினைந்து வயதுப் பொடியனுடைய வாயில் ‘எங்கடை வீட்டுப் பொம்பிளையள்’. எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் எடுக்க முடியவில்லை. அவனை இருக்கவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுத் தனியாகக் கதைத்தேன்.

தர்சிகா வந்து இருந்ததும் அழத் தொடங்கினாள். பிறகு சொன்னாள். கிழமையில் மூன்று பின்னேரம் அவள் இரசாயனவியல் ரியூசனுக்குப் போவதாகத்தான் வீட்டில் கணக்கு. அவள் போனது பளுதூக்கலுக்கு. சாவகச்சேரிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் தகரக் கொட்டகையில், ஒரு பயிற்றுநர் பெண் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். தகப்பனிடம் முன்பொரு முறை கேட்டிருக்கிறாள். “கையும் தோளும் ஆம்பிளையள் மாதிரி வந்தா ஆர் கலியாணம் கட்டுறது?” என்று மறித்துவிட்டார். பிறகு அவள் கேட்கவில்லை, போகத் தொடங்கிவிட்டாள்.

“தம்பிக்குத் தெரியுமோ?”

“அவன்தான் ரீச்சர் கூட்டிக்கொண்டு போறவன். வெளியிலை மதகிலை இருப்பான். அப்பா எடுத்தா, அக்கா உள்ளுக்குப் படிக்கிறா எண்டு சொல்லுவான்.”

காவலுக்கு வைத்த பொடியன் கள்ளத்துக்குக் காவல் இருந்திருக்கிறான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது.

அடிபட்டவன் அந்தப் பக்கத்தால் போகும்போது கொட்டகைக்குள் தர்சிகாவைக் கண்டிருக்கிறான். போனில் படமும் எடுத்திருக்கிறான். குழாயடியில் வந்து கபிலனிடம் சொன்னது இதுதான்: “கொக்கா ஆம்பிளையாகிறா, நீ வெளியிலை பொம்பிளை மாதிரிக் காத்துக்கொண்டிருக்கிறாய். படத்தைக் கொப்பருக்குச் சுவிசுக்கு அனுப்பட்டோ?”

அப்படியென்றால் அவன் அடித்தது மானத்துக்காகவா, பயத்திலா, அக்காவைக் காப்பாற்றவா? அவனுக்கே தெரிந்திருக்காது. நான் தர்சிகாவிடம், “உன்ரை தம்பி நல்லவன். வீட்டிலை நல்லா நடிக்கிறான்,” என்றேன். அவள் தலையை ஆட்டவில்லை.

“முதல் நடிச்சவன் ரீச்சர். அப்பாவின்ரை குரலிலை என்னைப் பேசிக் காட்டுவான், நாங்கள் ரெண்டு பேரும் சிரிப்பம். இப்ப நடிக்கிறானோ உண்மையோ எண்டு தெரியேல்லை. போன கிழமை வகுப்பு வாசல்லை ஒரு பிள்ளையோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான். அப்பா எடுக்கேல்லை, ஒருத்தரும் பாக்கேல்லை. வந்து, போதும் கதைச்சது, வா வீட்டை எண்டான். நான் சிரிச்சன். அவன் சிரிக்கேல்லை. வீட்டை வந்து மீன் குழம்பு ஆறிப்போச்சு எண்டு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டான். அம்மா அவனிட்டை மன்னிப்புக் கேட்டவ ரீச்சர். நான் பயந்து போய்ப் பேசாமல் துடைச்சனான்.”

பிறகு, “ஆருக்கும் சொல்லாதேங்கோ,” என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பாடசாலை முடிந்த பிறகு அதிபருடைய அறைக்குக் கூப்பிட்டார்கள். அடிபட்டவனுடைய பெற்றோர் முதலே வந்து போய்விட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் பிள்ளையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும், பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. இப்போது அறையில் அதிபர், தாய், தர்சிகா, கபிலன், நான். தகப்பன் போனுக்குள். அதிபருடைய மேசையில் புத்தகக் கட்டொன்றில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் வேலைத்தலத்தில் நின்றபடி கதைத்தார். வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தார். பின்னால் பெரிய பெரிய பாத்திரங்களும் நீராவியும் தெரிந்தன. ஏதோ ஹோட்டல் சமையலறை.

ஆம்பிளை, பொம்பிளை என்று பிரிக்கிறவர் கட்டியிருந்த அந்த ஏப்ரனைப் பார்த்ததும் என் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். கேட்டிருந்தால் அந்த மனிதருக்கு வாய் அடைத்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் வாயடைத்த தகப்பன் அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளிடம்தான் அதைத் தீர்ப்பார். வாதத்தில் வெல்வதற்கு உங்களுக்குச் சம்பளம் இல்லை. நான் கேட்கவில்லை.

“சேர், பல்லுக்கான செலவு முழுக்க நான் குடுக்கிறன்,” என்று தகப்பன் தொடங்கினார். “ஆனா அவனைப் பிழை சொல்லமாட்டன். நான் அங்கை இல்லை. நான் நிண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். சரி, அந்தப் பொடியன் என்ன சொன்னவன்?”

கபிலன் தலையைக் குனிந்தான்.

“தம்பி, அப்பா கேக்கிறன். என்ன சொன்னவன்?”

அதிபர் என் பக்கம் திரும்பினார். “ரீச்சர், நீங்கள் ரெண்டு பேரோடையும் கதைச்சனீங்கள்தானே. அவையின்ரை அப்பாவுக்குச் சொல்லுங்கோ.”

இரகசியம் காப்பது பற்றி உங்களுக்கு ஒரு முழு நாள் பாடம் எடுத்திருப்பார்கள். ஐந்து பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அதில் ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பாடம் உதவாது. பொய் சொன்னால் நானும் அந்த மதகில் போய் இருந்தது மாதிரி. உண்மையைச் சொன்னால் அந்தப் பாடசாலையில் இனி ஒரு பிள்ளையும் என் அறைக்கு வராது. ‘எனக்குத் தெரியாது’ என்பதும் பொய்தான்.

“தெரியும்,” என்றேன். “ஆனா சொல்லமாட்டன்.”

“என்ன ரீச்சர் கதைக்கிறீங்கள்? நான் தகப்பன்.”

“ஓம். பிள்ளையள் உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சொல்லியிருக்கினம். அதை முதல் யோசியுங்கோ.”

அதிபர் இருமினார். தகப்பனுடைய முகம் திரையில் இறுகிப்போனது. அவர் என்னை விட்டுவிட்டு மகனிடம் திரும்பினார். “டேய், நீ ஆம்பிளையெண்டா இப்பச் சொல்லு.”

அப்போதுதான் தாய் வாய் திறந்தா. போனைப் பார்க்கவில்லை. தன்னுடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

“பிள்ளை பாரம் தூக்கப் போறவள். இவன்தான் கூட்டிக்கொண்டு போறவன். அதைத்தான் அந்தப் பொடியன் கண்டிட்டுச் சொல்லியிருப்பான்.”

தர்சிகா திடுக்கிட்டு, “அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

“உடுப்புத் தோய்க்கிறது நான்தானே. ரியூசனுக்குப் போற பிள்ளையின்ரை சட்டையிலை, பாரம் தூக்கிறவை கைக்குப் பூசுற வெள்ளைத் தூள் எங்காலை வாறது?”

எனக்குத் தாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. “இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“தம்பி சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் ரீச்சர்.”

கட்டிப்பிடிக்கிற எண்ணம் அதோடு போய்விட்டது. வளர்ந்த பெண், வீடு கட்டி, தோட்டம் பார்த்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவ. தனக்குத் தெரிந்த விசயத்தைச் சொல்ல ஒரு பத்தாம் வகுப்புப் பொடியனுடைய உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறா.

போனுக்குள் யாரோ வேற்று மொழியில் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். தகப்பன் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். “பேந்து எடுக்கிறன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் அன்று பின்னேரம் அழைப்பு எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. கபிலனுக்குப் பாடசாலையில் ஒரு கிழமைத் தடை. அடிபட்டவனும் இவனும் என் அறையில் ஒருவரையொருவர் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். படத்தை என் கண்முன்னால் அழிப்பித்தேன். அதிபர் என்னோடு சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் தகப்பன் எடுத்தபோது தாயிடம்தான் கதைத்தார். பளுதூக்கல் இன்றோடு சரி, மறி என்றார். அதற்குத் தாய் என்ன சொன்னா என்று அவவே வந்து எனக்குச் சொன்னா. சொல்லும்போது தான் சொன்னதைத் தானே நம்பாத மாதிரி முகம். “நீங்கள் வந்து நிண்டு மறியுங்கோ, எனக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன் ரீச்சர். அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

தர்சிகாவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவள் தொடர்ந்து போனாள், வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகச் சைக்கிளில். பதக்கம் ஒன்றும் வாங்கவில்லை. மாகாணப் போட்டியில் மூன்று தடவையும் பாரத்தைத் தவறவிட்டு வந்தாள். உயர்தரப் பரீட்சை நெருங்க, தானாகவே விட்டுவிட்டாள். பதக்கம் வாங்காததில் உங்களுக்கு ஏமாற்றம் என்றால் அது உங்கள் பிரச்சினை. மற்றவர் மறித்ததால் விடாமல் தானாக விட்டாள் என்பதுதான் எனக்குப் போதும். வகுப்பில் திரும்பவும் கேள்வி கேட்டாள். சில ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் எல்லோரும் அவளைப் பற்றித்தான் கேட்பார்கள். பொடியனுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள். பெண் பிள்ளையைக் கட்டிப்போட்டால் கட்டு கண்ணுக்குத் தெரியும். பொடியனைக் கட்டிப்போடுவது முடி சூட்டின மாதிரி இருப்பதால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

தாயிடம் நான் சொல்லியிருந்தேன்: இனிப் போனை நீங்கள் வைத்திருங்கள், அக்கா எங்கே என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள், அவனிடம் கேட்க விடாதீர்கள். அவன் விடுதலையாகிவிடுவான் என்று நான் நினைத்தேன். கொஞ்ச நாளில் தாய் என்னைத் தேடி வந்தா. அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அறைக் கதவை அடித்துச் சாத்துகிறான், அக்காவோடு கதைப்பதில்லை, ஒருக்கால் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றா. போனேன்.

பின்னேரம். தாய் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. தர்சிகா முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். கபிலன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான், பிறகு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். நான் பாடசாலையைப் பற்றி ஏதோ கேட்டேன், ஒரு சொல்லில் பதில் சொன்னான். அந்த நேரம் போன் அடித்தது.

அவன் பாய்ந்து எடுத்தான். தாய் கையை நீட்டினா. “இங்கை தா தம்பி. ரீச்சர் சொன்னவவெல்லே, நான் கதைக்கிறன்.”

“அப்பா என்னோடைதான் கதைக்கிறவர்.”

“அக்காவைப் பற்றி இனி உன்னட்டைக் கேக்கமாட்டார் தம்பி. தா.”

அவன் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அவனுடைய விரல் பட்டோ என்னவோ அழைப்பு எடுபட்டுவிட்டது. அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அவன் தாயைப் பார்த்துக் கத்தினான். உடைகிற வயதுக் குரல், பாதியில் கீச்சிட்டது.

“அக்காவைப் பற்றிக் கேக்காட்டி அப்பா என்னோடை என்னத்தைக் கதைக்கிறது?”

முற்றத்தில் காற்றடிக்கிற சத்தம் நின்றது. பிறகு போனுக்குள் இருந்து, “தம்பி,” என்று கேட்டது.

அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். தகப்பனுடைய முகம் இருந்தது. எவ்வளவு கேட்டிருந்தார் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருந்தார்.

“என்னடா செய்யிறாய்?” என்றார்.

“சும்மா இருக்கிறன்.”

“ம்.”

அதற்குப் பிறகு அவருக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் கதைத்த மனிதர், மகனிடம் கேட்க அடுத்த கேள்வி தெரியாமல் நின்றார். அவனும் நின்றான். இடையில் அவர், “வளந்திட்டாய்,” என்றார். அவன் “ஓம்” என்றான். கபிலன் மெல்லச் சுவரோடு சரிந்து நிலத்தில் குந்தியிருந்து, போனை முழங்காலில் நிறுத்தி வைத்தான்.

தாய்க்குப் பொறுக்கவில்லை. என் காதுக்குள், “ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கினமில்லை ரீச்சர், சும்மா பாத்துக்கொண்டிருக்கினம். நான் வாங்கி வைக்கட்டோ?” என்றா.

“வேண்டாம்,” என்றேன். “பாக்கட்டும். விடுங்கோ.”